டிரைவிங் மாஸ்டர் மனைவி ஓடப்போன கதை

அந்தத் தெருவில் எல்லாருக்கும் அவர் மாஸ்டர். கராத்தே மாஸ்டரும் இல்லை, டான்ஸ் மாஸ்டரும் இல்லை, கார் ஓட்டக் கற்றுக்கொடுக்கிற மாஸ்டர். தலைமேல் மஞ்சள் பலகை மாட்டிய சின்ன வெள்ளைக் கார் ஒன்றுதான் அவருடைய பள்ளிக்கூடம். ஓட்டுகிறவர் காலடியில் இருப்பதைப் போலவே பக்கத்து இருக்கையில் இவர் காலடியிலும் ஒரு பிரேக் உண்டு. அவர் பிழைப்பே அந்த இரண்டாவது பிரேக்கில்தான் ஓடியது. அடுத்தவர் செய்யப்போகும் தப்பை அவருக்கும் முன்னால் மோப்பம் பிடித்து மிதித்து மிதித்து, அந்த வலது கால் மாஸ்டரைக் கேட்காமலே தன் வேலையைப் பார்க்கத் தொடங்கி வெகுகாலம் ஆகியிருந்தது. டி.வி. நாடகத்தில் யாராவது கோபமாகக் கதவைத் திறந்தால், சோபாவுக்குக் கீழே அது தரையை அழுத்தும். சாப்பாட்டு மேஜையில் மாமியார் உப்பு டப்பா பக்கம் கை நீட்டினால் அழுத்தும்.

"அத்தை, உப்பு ஏற்கெனவே போட்டாச்சு" என்பார்.

"கை நீட்டினா தப்பா மாப்பிள்ளை? வீட்டுக்குள்ளயுமா சிக்னல்?" என்பார் மாமியார்.

மாமியார் அவர்களோடுதான் இருந்தார். மகள் வெளியூரில் ஹாஸ்டலில் தங்கிப் படித்தாள். ஆக வீட்டில் மூன்று பேர். மூன்றாவது ஆள் மாஸ்டரின் மனைவி. கடைத்தெருவில் ஒரு கண்ணாடிக் கடையில் அவளுக்கு வேலை. வருகிறவரை நாற்காலியில் உட்காரவைத்து, மூக்கின்மேல் கனமான சோதனைச் சட்டத்தை மாட்டி, வில்லைகளை மாற்றி மாற்றிச் செருகி, "இது தெளிவா? அது தெளிவா?" என்று காலையிலிருந்து சாயங்காலம்வரை கேட்டுக்கொண்டே இருப்பாள். நாற்பத்தைந்து வயதில் அவள் எதற்காகவும் ஓடி யாரும் பார்த்ததில்லை. கண்ணெதிரே பஸ் கிளம்பினாலும், "போனா போகுது, அதுக்குப் பின்னாடி இன்னொண்ணு வராமலா போயிடும்?" என்று நிழலில் போய் நின்றுகொள்வாள்.

அப்படிப்பட்டவள் ஒருநாள் இரவுச் சாப்பாட்டின்போது தண்ணீர் டம்ளரைக் கீழே வைத்துவிட்டுச் சொன்னாள்: "என்னங்க, நான் ஓடப் போறேன்."

மாஸ்டருக்குக் கையில் எடுத்தது கையிலேயே நின்றது. மாமியார்தான் முதலில் சுதாரித்தார்.

"யாரோடடி?"

"அம்மா! பந்தயத்துல ஓடப் போறேம்மா. பாலைவனத்துல."

அதற்கு மாமியார், யாரோடாவது ஓடிப்போவதே தேவலை என்பதுபோல ஒரு முகம் வைத்துக்கொண்டார்.

விஷயம் இதுதான். கடைக்கு ஒருவர் வந்திருக்கிறார், மணல் புகாத பவர் கண்ணாடி வேண்டும் என்று. எதற்கு என்று கேட்டிருக்கிறாள். ஆறு நாள் பாலைவனத்தில் ஓடுகிற பந்தயம் ஒன்று இருக்கிறதாம். சாப்பாடு, படுக்கை, மருந்து எல்லாவற்றையும் முதுகில் கட்டிக்கொண்டுதான் ஓட வேண்டுமாம். தண்ணீர் மட்டும் அவர்கள் அளந்து கொடுப்பார்களாம். கடைசி ஆளுக்குப் பின்னால் இரண்டு ஒட்டகங்கள் நடந்து வருமாம். ஒட்டகம் முந்திவிட்டால் ஆட்டம் முடிந்தது. அந்த மனிதர் போனில் ஒரு படம் காட்டியிருக்கிறார். மணல். அதற்கு அப்பால் மணல். அதற்கும் அப்பால் வானம். அவ்வளவுதான் படம். அன்று சாயங்காலமே இவள் பெயரைக் கொடுத்துவிட்டாள்.

"யாரைக் கேட்டுக் கொடுத்தே?" என்றார் மாஸ்டர்.

"யாரையும் கேக்கலை. கேட்டா வேண்டாம்னுதானே சொல்வீங்க?"

மேஜைக்கு அடியில் மாஸ்டரின் வலது கால் தரையை நன்றாக அழுத்திக்கொண்டிருந்தது. ஒன்றும் நிற்கவில்லை.

மறுநாள் காலை வகுப்பு மேனேஜருக்கு. மேனேஜர் என்றால் வங்கியிலிருந்து ஓய்வுபெற்ற மேனேஜர். ஓய்வு கிடைத்த சந்தோஷத்தில் கார் வாங்கிவிட்டு, அதற்கப்புறம் ஓட்டக் கற்றுக்கொள்ள வந்தவர். ஓட்டுவது பயிற்சிக் காராகவே இருந்தாலும் டை கட்டிக்கொண்டுதான் வருவார். அவரிடம் ஒரே ஒரு குறை: முதல் கியரை விட்டு வெளியே வரமாட்டார். இரண்டாவது கியர் என்று சொன்னாலே ஸ்டியரிங்கைக் கட்டிப்பிடித்துக்கொள்வார். மாதக்கணக்கில் ஊரை முதல் கியரிலேயே சுற்றிக் காட்டியிருந்தார்.

மாஸ்டர் அன்றைக்கு மனது சரியில்லாமல் உட்கார்ந்திருந்தார். மேனேஜர் இரண்டு தடவை கேட்ட பிறகு வாயைத் திறந்தார்.

"வீட்டம்மா ஓடப் போறேங்குறா சார்."

கார் இரண்டு குலுக்குக் குலுக்கி நின்றது. மேனேஜர் எஞ்சினை அணைத்துவிட்டு, மாஸ்டரின் தோளில் கை வைத்தார்.

"மனசை விட்டுடாதீங்க மாஸ்டர். பெரிய பெரிய குடும்பத்துலகூட நடக்குறதுதான். யாருன்னு தெரியுமா?"

"யாருன்னா?"

"அந்த ஆளு."

"ஐயோ சார்! பந்தயத்துல ஓடப் போறா சார், பந்தயத்துல!"

பின்னால் ஹாரன் அடித்தவர்கள் எல்லாம் வேறு வழியாகச் சுற்றிக்கொண்டு போகும்வரை மேனேஜர் சிரித்தார். அவரிடமிருந்து விஷயம் தெருவுக்குப் போனது.

பயிற்சி ஆரம்பமானது. முதல் நாள் அவள் வீட்டு வாசலிலிருந்து ஓடி மருந்துக்கடை விளக்குக் கம்பம்வரை போனாள். போய், கம்பத்தைக் கட்டிக்கொண்டு நின்றாள். மருந்துக்கடைக்காரர் நாற்காலி கொண்டுவந்து போட்டார். மாஸ்டர் அத்தோடு கதை முடிந்தது என்று நினைத்து, வெளியே சொல்லாமல் சந்தோஷப்பட்டார். இரண்டாம் நாள் அவள் கம்பத்தைத் தாண்டினாள். சில வாரத்தில் பஸ் டிப்போவரை போய்த் திரும்பினாள். மாஸ்டருக்குச் சந்தோஷம் போய்க் கவலை வந்தது. காலை இருட்டு, தெருநாய், லாரி, மூடாத சாக்கடை. ஒவ்வொன்றாக யோசித்து யோசித்து, கடைசியில் சொன்னார்: "நான் வண்டியில பின்னாடியே வர்றேன்."

"அப்போ உங்க காலை வகுப்பு?"

அங்கேதான் மாஸ்டருக்கு மூளை வேலை செய்தது. அவள் ஓடுகிற வேகமும் மேனேஜர் ஓட்டுகிற வேகமும் கிட்டத்தட்ட ஒன்று. அடுத்த நாள் காலை ஊர் ஒரு புதிய காட்சியைப் பார்த்தது. முன்னால் முதுகுப் பையோடு ஒரு பெண் மூச்சு வாங்க ஓடுகிறாள். பின்னால் மஞ்சள் பலகை மாட்டிய கார், டை கட்டிய டிரைவரோடு ஊர்ந்து வருகிறது. ஜன்னல் வழியாகத் தலையை நீட்டி ஒருவர், "மெதுவா, மெதுவா! இடது பக்கம் பள்ளம்!" என்று கத்திக்கொண்டே வருகிறார். அதைக் கேட்டு அவள் வலது பக்கம் ஒதுங்குவாளா, மேனேஜர் ஒதுங்குவாரா என்று சொல்ல முடியாது. பெரும்பாலும் இரண்டு பேருமே ஒதுங்குவார்கள்.

முதுகுப் பையில் பாரத்துக்காகச் சாலை விதிப் புத்தகங்கள். மாஸ்டரிடம் அவை கட்டுக் கட்டாக இருந்தன. மாணவர்கள்தான் யாரும் வாங்கவில்லை, மனைவியாவது சுமக்கட்டும் என்று கொடுத்தார்.

மூன்றாம் வாரமோ என்னவோ, டிப்போ திருப்பத்தில் தெருப் பெருக்குகிற அம்மா ஒருத்தி குறுக்கே வந்து நின்றாள். கையில் நீட்டுத் துடைப்பம். அதைத் திருப்பிப் பிடித்துக் காரின் மூக்கில் ஓங்கி ஒரு போடு போட்டாள்.

"நானும் ரெண்டு நாளா பார்க்குறேன்! காலங்காத்தால ஒரு பொம்பளையை வண்டி வெச்சுத் துரத்துறீங்களா? ரெண்டு ஆம்பளைங்க! டை வேற!"

மேனேஜர் இரண்டு கையையும் தூக்கிவிட்டார். மாஸ்டர் கதவைத் திறந்து இறங்கினார்.

"அம்மா, அம்மா, அது எம் பொண்டாட்டிம்மா!"

"பொண்டாட்டின்னா துரத்தலாமா?"

மாஸ்டர் மனைவியைக் கூப்பிட்டார். அவள் தூரத்தில் போய்க்கொண்டிருந்தாள். நின்றால் கைக்கடிகாரத்துக் கணக்கு கெட்டுவிடும் என்பதால் திரும்பாமலே கையை மட்டும் ஆட்டினாள். அது "விட்டுடு" என்ற ஆட்டமா, "விடாதே" என்ற ஆட்டமா என்று பெருக்குகிற அம்மாவுக்கும் புரியவில்லை. ஓடினவள் திரும்பி வரும்வரை காரைச் சிறைபிடித்து வைத்திருந்தாள். வந்தவள் மூச்சு வாங்கியபடி விஷயத்தைச் சொன்னதும், அந்த அம்மா துடைப்பத்தைத் தோளில் சாய்த்துக்கொண்டு மாஸ்டரை மேலும் கீழும் பார்த்தாள்.

"அந்தம்மா ஓடுது. நீ ஏன்யா உக்காந்துக்கிட்டு வர்றே?"

மறுநாள் முதல் அந்த அம்மா, இவள் வருகிற நேரத்துக்கு முன்பே திருப்பத்தில் கல், கண்ணாடித் துண்டு இல்லாமல் பெருக்கி வைத்துவிடுவாள். காரைப் பார்த்தால் மட்டும் துடைப்பம் ஒருமுறை மேலே போய்க் கீழே வரும்.

மணலில் ஓடிப் பழக வேண்டும் என்றது இணையத்தில் இறக்கிய பயிற்சித் திட்டம். ஊரில் மணலுக்கு எங்கே போவது? கட்டட மணல் விற்கிற கிடங்கு ஒன்று இருந்தது. ஞாயிற்றுக்கிழமைகளில் அவள் அங்கே மணல் மேடுகளில் ஏறி இறங்கினாள். கிடங்குக்காரர் முதலில் ஒப்புக்கொண்டவர், ஒரு மாதம் கழித்து வந்து புலம்பினார்: "மாஸ்டர், உங்க வீட்டம்மா எம் மலையையெல்லாம் மைதானமாக்கிட்டாங்க. வாங்க வர்றவன், பாதி வித்துப் போச்சான்னு கேக்குறான்." அன்று முதல் மாஸ்டரும் மாமியாரும் ஆளுக்கொரு மண்வெட்டியோடு போய், அவள் மிதித்துச் சரித்ததை மறுபடி கூம்பாகக் குவித்துக் கொடுத்தார்கள்.

வெயிலுக்கும் பழக வேண்டுமே. அதற்குக் கார்தான். மதிய நேரத்தில் ஜன்னல்களை ஏற்றிவிட்டு, ஹீட்டரை முழுதாகத் திருப்பிவிட்டு, பின்சீட்டில் அவள் கம்பளிச் சட்டையோடு உட்கார்ந்திருப்பாள். முன்சீட்டில் மேனேஜர் டையைத் தளர்த்தாமல் ஓட்டுவார். "மேடத்துக்காக இதுகூடச் செய்யலைன்னா எப்படி மாஸ்டர்?" என்பார். வியர்வை மூக்கு நுனியிலிருந்து ஸ்டியரிங்கில் சொட்டும். மூன்று பேரும் இறங்கும்போது பார்த்தவர்கள், கார் குளத்துக்குள் போய் வந்ததா என்று கேட்டார்கள்.

இதற்கு நடுவில் ஒருநாள் காலை ஒரு அதிசயம் நடந்தது. ஆஸ்பத்திரிச் சாலை நேர்ச்சாலை, லேசான இறக்கம். அவள் கால் வேகம் பிடித்துக்கொண்டது. இடைவெளி கூடிக்கொண்டே போனது. முதல் கியரில் எஞ்சின் காட்டுக்கத்தலாகக் கத்தியது.

"மேடம் போயிட்டாங்க மாஸ்டர்! என்ன பண்றது?"

"ரெண்டாவது போடுங்க!"

"வேற வழியே இல்லையா?"

"இறங்கி ஓடலாம்!"

மேனேஜர் கண்ணை மூடிக்கொண்டு போட்டார். மாஸ்டர், "கண்ணைத் திறங்க, கண்ணைத் திறங்க!" என்று அலறினார். கார் பூனைபோலச் சத்தமில்லாமல் முன்னே போனது. மேனேஜர் முகத்தில் அப்படியொரு வெளிச்சத்தை மாஸ்டர் அதுவரை பார்த்ததில்லை. அவள் பக்கத்தில் வந்ததும் அவர் ஜன்னல் வழியாகக் கத்தினார்: "மேடம்! ரெண்டாவதுக்கு வந்துட்டேன்!" அவள் ஓடிக்கொண்டே கட்டைவிரலைக் காட்டினாள்.

எல்லாம் இப்படியே போயிருந்தால் நன்றாகத்தான் இருந்திருக்கும். ஆனால் அவள் முழங்கால் வீங்கியது. டாக்டர் பத்து நாள் ஓடக் கூடாது என்றார். நான்கு நாள் பொறுத்தாள். ஐந்தாம் நாள், "லேசா, சும்மா கம்பம்வரைக்கும்" என்று ஷூவைத் தேடினாள். காணவில்லை. கட்டிலுக்கு அடியில், பரண்மேல், துணி துவைக்கிற இயந்திரத்துக்குள் எல்லாம் தேடினாள். அவளுக்கும் அம்மாவுக்கும் சண்டை வந்தது. "நாறுதுன்னு நீதானே சொன்னே, தூக்கிப் போட்டுட்டியா?" "நாறினது நாறினதுதான், ஆனா நான் தொடலை. அதைத் தொடுற தைரியம் எனக்கு இல்லை." மாஸ்டர் பேப்பருக்குப் பின்னால் முகத்தை வைத்துக்கொண்டு, "எங்க போயிருக்கும்?" என்றார். ஷூ அவருடைய கார் டிக்கியில், ஸ்டெப்னிக்குப் பக்கத்தில், பாலிதீன் பையில் இருந்தது.

அவளுடைய நல்லதுக்குத்தான் என்று அவர் தன்னைத்தானே சமாதானப்படுத்திக்கொண்டார். பாதி உண்மை. மீதிப் பாதி அவருக்கே நன்றாகத் தெரியும்: இந்த முழங்கால் சாக்கில் முழுதாக நின்றுவிட்டால் தேவலை என்று ஒரு ஆசை உள்ளே கிடந்தது.

அந்த வாரத்தில்தான் மேனேஜருக்கு லைசென்ஸ் டெஸ்ட். மேனேஜர் வளைவு, ஏற்றம், பின்னால் எடுப்பது எல்லாவற்றையும் ஒழுங்காகச் செய்துவிட்டார். கடைசியில் அதிகாரி வண்டியைச் சுற்றி வந்து, "ஸ்டெப்னி இருக்கா, பார்க்கலாம்" என்று டிக்கியைத் திறந்தார். நல்ல வெயில். ஷூ பல நாளாக உள்ளே வெந்துகொண்டிருந்தது. அதிகாரி திறந்த வேகத்திலேயே மூடிவிட்டு நான்கு அடி தள்ளிப் போய் நின்றார்.

"உள்ள என்னய்யா செத்துக் கிடக்கு?"

"ஷூ சார்" என்றார் மேனேஜர் பெருமையாக. "பாலைவனத்துல ஓடப் போற ஷூ."

"போங்க, போங்க, பாஸ். முதல்ல வண்டியை எடுங்க."

மேனேஜருக்குத் தலைகால் புரியவில்லை. நேராக ஸ்வீட் டப்பாவோடு கண்ணாடிக் கடைக்குப் போய்விட்டார். "மேடம், பாஸாயிட்டேன்! எல்லாம் உங்க ஷூவோட புண்ணியம். அது மட்டும் எங்க டிக்கியில இல்லைன்னா, அந்த ஆளு இன்னும் நாலு கேள்வி கேட்டிருப்பான்!"

அன்று சாயங்காலம் மாஸ்டர் வீட்டுக்குள் நுழைந்தபோது அவள் சோபாவில் உட்கார்ந்திருந்தாள். கால் நாற்காலிமேல். கத்தவில்லை. அதுதான் மாஸ்டரை அதிகமாகப் பயமுறுத்தியது.

"ஷூ டிக்கியில இருக்காமே."

"முழங்கால் ஆறட்டும்னுதான்..."

"முழங்கால் ஆறட்டும்னா, ஆறட்டும்னு சொல்லியிருக்கலாம். எத்தனை நாளா அம்மாவைத் திட்டிக்கிட்டு இருக்கேன் தெரியுமா? வண்டியிலதான் உங்களுக்குன்னு தனியா ஒரு பிரேக் வெச்சிருக்கீங்க. எங்கிட்டயும் ஒண்ணு மாட்டியிருக்கறதா நினைப்பா?"

மாமியார் சமையலறையில் குழாயை மூடினார், காதில் விழட்டும் என்று.

"அந்தக் கடையில நான் பார்க்குற தூரம் எவ்வளவு தெரியுமாங்க? நாற்காலியிலிருந்து எழுத்துப் பலகைவரைக்கும். வர்றவங்களுக்கெல்லாம் தூரம் தெரியவைக்கிறேன். தெளிவா இருக்குன்னு கண்ணாடியை மாட்டிக்கிட்டு அவங்க போயிடுறாங்க. நான் திரும்பி அந்தச் சுவரைத்தான் பார்க்குறேன். அந்த ஆளு காட்டின படத்துல சுவரே இல்லை. அது ஒண்ணுதான் காரணம். உங்களுக்கு இது சின்னக் காரணமா இருக்கலாம்."

மாஸ்டர் கீழே இறங்கிப் போய் ஷூவை எடுத்துவந்தார். குளியலறையில் குந்தி உட்கார்ந்து பிரஷ் போட்டுத் தேய்த்தார். மூன்று தண்ணீர் மாற்ற வேண்டியிருந்தது. மாடியில் கொண்டுபோய்க் காயவைத்தார். காய்ந்த பிறகு குதிகால் பக்கம் விட்டிருந்த இடத்தைப் பசை போட்டு ஒட்டி, வாசலில் ஜோடியாக வைத்தார். மறுநாள் அதைப் பார்த்துவிட்டு அவள் சொன்னாள்: "நானும் மிச்ச நாளைப் பொறுத்துக்குறேன். ஆனா இனிமே நீங்க பின்னாடி வராதீங்க. வேணும்னா முன்னாடி போய் நின்னு தண்ணி கொடுங்க."

இதை அவர் அப்படியே எடுத்துக்கொண்டார். சைக்கிளில் முன்னால் போய் பாட்டிலோடு நின்றார். பந்தயத்துக்குத் தன்னார்வலர்கள் தேவை என்று தெரிந்ததும் அதற்கும் பெயர் கொடுத்துவிட்டார்.

கிளம்புகிற நாள் வந்தது. பையில் ஒவ்வொரு கிராமையும் யோசித்துத்தான் வைக்க வேண்டும். பல் துலக்குகிற பிரஷ்ஷின் கைப்பிடியைக்கூட அவள் பாதியாக உடைத்திருந்தாள். விமான நிலையத்தில் கடைசியாகத் திறந்து பார்த்தபோது, அடியில் ஒரு குடை, இருமல் மருந்து பாட்டில், தலையணை உறை, ஒரு டார்ச் லைட். மாமியார் ஒப்புக்கொண்டார். "வெறும் மணல்ல தலையை வெச்சாடி படுப்பே? குடை எதுக்குன்னா, வெயில்தானே அங்க?"

பாலைவனம் எப்படி இருந்தது என்று பிற்பாடு யார் கேட்டாலும் மாஸ்டர், "பெரிசா இருந்தது" என்பார். அதற்குமேல் அவருக்குச் சொல்லத் தெரிந்ததில்லை. போய் இறங்கிய அன்றே அங்கிருந்த பொறுப்பாளர், "யாருக்காவது வண்டி ஓட்டத் தெரியுமா?" என்று கேட்டார். மாஸ்டர் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு முன்னால் வந்தார். ஜீப்பைக் கொடுத்தார்கள். "மணல்ல ஒரு விஷயம்தான். பிரேக்கைத் தொடாதீங்க. தொட்டா புதைஞ்சிடும்" என்றார் பொறுப்பாளர்.

சொல்வது சுலபம். முதல் மேட்டின் உச்சியில், எதிர்ப்பக்கம் என்ன இருக்கிறது என்று தெரியாத அந்த நொடியில், கால் தன் வேலையைச் செய்தது. ஜீப் அச்சுவரை உள்ளே போய் உட்கார்ந்தது. தண்ணீர்ப் பெட்டிகளை இறக்கி, இரும்புத் தகடு போட்டு, கூட வந்த தன்னார்வலர்களான பல் டாக்டர் ஒருவரும் இரண்டு கல்லூரி வாத்தியார்களும் தள்ளி அதை மேலே கொண்டுவந்தார்கள். அடுத்த மேட்டிலும் அப்படியே. மூன்றாவது மேட்டுக்கு முன்னால் பல் டாக்டர் மரியாதையாகச் சாவியை வாங்கிக்கொண்டார். "நீங்க வாழ்க்கையில என்ன வேலை பார்க்குறீங்க சார்?" என்று வழியில் ஒரு வாத்தியார் கேட்டதற்கு, மாஸ்டர், "கண்ணாடிக் கடை" என்று சொல்லிவிட்டார்.

அதன்பின் அவரைத் தண்ணீர் மேஜையில் நிற்கவைத்தார்கள். கூடாரத் துணி நிழல், நீள மேஜை, பாட்டில் அடுக்கு. ஓடிவருகிற ஒவ்வொருவருக்கும் அளந்ததைத்தான் கொடுக்க வேண்டும். தள்ளாடி வருகிறவர்களிடம் மூன்று கேள்வி கேட்டு, தெளிவாக இருக்கிறார்களா என்று பார்த்துத்தான் அனுப்ப வேண்டும். வீட்டு ஆள் என்று யாருக்கும் சலுகை காட்டக் கூடாது. மாஸ்டரும் முகமெல்லாம் துணி சுற்றி, கறுப்புக் கண்ணாடி போட்டு, யாருக்கும் அடையாளம் தெரியாமல்தான் நின்றார்.

மூன்றாம் நாள் அவர் மேஜை வழியாக அவள் வந்தாள். கூட்டமெல்லாம் போய் வெகுநேரம் கழித்து, தூரத்தில் ஒரு புள்ளியாக. புள்ளிக்குப் பின்னால் இரண்டு பெரிய புள்ளிகள், கழுத்து நீண்ட புள்ளிகள். கிட்டே வந்தபோது உதடு வெடித்திருந்தது, நடை பக்கவாட்டில் போனது. மாஸ்டருக்கு மேஜைமேல் இருந்த எல்லாப் பாட்டிலையும் அவள் தலையில் கவிழ்த்துவிடலாம் போலிருந்தது. பொறுப்பாளர் பக்கத்திலேயே நின்றார்.

குரலை மாற்றிக்கொண்டு கேட்டார்: "இன்னிக்கு என்ன கிழமை?"

"தெரியலை. கடை லீவு இல்லை, அது தெரியும்."

"எங்க போயிட்டு இருக்கீங்க?"

"நேரா."

பொறுப்பாளர் முகம் சுளித்தார். மாஸ்டர் அவசரமாகக் கையைத் தூக்கினார். "எத்தனை விரல்?"

அவள் மணல் படிந்த கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு உற்றுப் பார்த்தாள். கடையில் வாடிக்கையாளர் கண்ணைப் பார்ப்பாளே, அந்தப் பார்வை.

"மூணு. நடுவிரல்ல நகம் வெட்டலை. கிளம்புறதுக்கு முன்னாடியே சொன்னேன்."

பாட்டிலை வாங்கிக்கொண்டு நகர்ந்தாள். இரண்டடி போய், திரும்பாமலே, "அழாதீங்க, துணி நனைஞ்சா மணல் ஒட்டும்" என்றாள்.

கடைசி நாள் மாஸ்டரை எல்லைக்கோட்டுக்குப் போக விட்டார்கள். ஓடி முடித்தவர்கள் பாயில் படுத்துக் காலை மேலே தூக்கிக் கிடந்தார்கள். எல்லைக்கோட்டை மூடுகிற நேரம் நெருங்கிக்கொண்டிருந்தது. அவள் வந்தாள், ஒட்டகங்கள் இரண்டும் அவள் தோளுக்குமேல் எட்டிப் பார்த்தபடி. கோட்டுக்குக் கொஞ்ச தூரத்தில் என்ன நினைத்தாளோ, நின்றுவிட்டாள். திரும்பி, வந்த வழியைப் பார்த்தாள். ஒட்டகக்காரர் ஒட்டகங்களைப் பிடித்து நிறுத்தினார். ஆறு நாளும் பின்னாலேயே வந்தவர், பாவம், அவருக்கும் இவள்மேல் ஒரு ஒட்டுதல். அவளோ கையைக் கண்ணுக்குமேல் வைத்துக்கொண்டு, ஜன்னலோரம் நிற்கிறவளைப்போல நிதானமாகப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

பொறுப்பாளர் கடிகாரத்தைத் தூக்கிப் பிடித்தார். மாஸ்டர் வாழ்நாளில் யாரிடமும் சொல்லாததைச் சொன்னார். சொல்வதென்ன, ஊரே கேட்கிற மாதிரி கத்தினார்: "மிதி! ஏம்மா, மிதி! வேகமா வா!"

அவள் திரும்பி அவரைப் பார்த்தாள். தலையைப் பின்னுக்குச் சாய்த்து ஒரு சிரிப்புச் சிரித்துவிட்டு ஓடி வந்தாள். ஓட்டம் என்று சொல்ல முடியாது, ஏதோ ஒன்று. ஆனால் ஒட்டகம் முந்தவில்லை. கழுத்தில் பதக்கம் போட வந்தவரைத் தாண்டி நேராக வந்து மாஸ்டர்மேல் சாய்ந்தாள். அவரும் சேர்ந்து விழுந்தார்.

வீட்டுக்கு வந்தபோது அவளுக்கு எந்தச் செருப்பும் நுழையவில்லை. வாசலிலிருந்து மாஸ்டர்தான் தாங்கிக்கொண்டு வந்தார். மாமியார் பிளாஸ்டிக் டப்பில் வெந்நீர் வைத்து, மகளின் காலைத் தூக்கிப் பார்த்தார். நகம் என்று சொல்ல அங்கே அதிகம் மிச்சமில்லை. முதலில் அழுதார். பிறகு மாஸ்டரைப் பார்த்து, "தண்ணி கொடுக்கத்தானே போனீங்க? காலுக்குக் கொடுக்கலையா?" என்று கேட்டார். பிறகு போனை எடுத்து அந்தக் காலை நான்கு பக்கமிருந்தும் படம் எடுத்தார். சொந்தக்காரர் ஒருவர் பாக்கியில்லாமல் எல்லாருக்கும் அனுப்பினார்.

சற்று நேரத்தில் போன்கள் வர ஆரம்பித்தன. அடுத்த அறையில் மாமியார் ஒவ்வொருவருக்கும் ஆதியோடந்தமாகச் சொல்லிக்கொண்டிருந்தார். ஒவ்வொரு தடவை சொல்லும்போதும் மணல் மேடு கொஞ்சம் உயர்ந்தது, ஒரு பாம்புகூட வந்து சேர்ந்தது. "எத்தனாவதா வந்தாளா? அதை ஏன் கேக்குறே, அவ வந்து சேர்ந்ததுக்கு அப்புறம்தான் பந்தயத்தையே முடிச்சாங்க!"

கட்டிலில் காலைத் தலையணைமேல் வைத்துப் படுத்திருந்தவள் சிரிக்க ஆரம்பித்தாள். சிரித்தால் உதடு வெடிக்கும் என்று வாயைப் பொத்திக்கொண்டாள். பக்கத்தில் உட்கார்ந்து தன் கை நகம் வெட்டிக்கொண்டிருந்த மாஸ்டர், "மெதுவா, மெதுவா" என்று சொல்ல வாயெடுத்து, அவரும் சிரித்துவிட்டார்.